அம்பு இல்லாத ஒரே ஃபோல்டர்

மாலை ஆறு ஐந்து. டியூஷனிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கூடத்துக் கடிகாரம் அதைத்தான் காட்டியது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர் மேசை. மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் இருந்தது.

அம்மா மானிட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சேலையை இடுப்பில் செருகி, வீடு பெருக்கி முடித்த வாரியலை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையைக் கீபோர்டுக்கு மேலே குறுக்காக நீட்டி, அந்தப் பக்கம் கிடந்த மவுஸை எட்டிப் பிடித்திருந்தாள். திரையின் மூலையில் குப்பைக் கூடை. அதில் வெள்ளைத் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. அம்மா மவுஸின் வலப்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தினாள். நீண்ட பட்டியலில் தனக்குத் தெரிந்த வரியைத் தேடித் தட்டினாள். ஒரு கேள்வி வந்தது. ஆங்கிலத்தில்தான் வரும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. முதல் பொத்தானைத் தட்ட வேண்டும் என்பது தெரியும். தட்டினாள். ஸ்பீக்கரில் தாள் கசங்கும் சத்தம் கேட்டது. கூடை காலியானது.

"கொட்டியாச்சு. காலு கழுவிட்டு வந்து விளக்கு பொருத்துட்டி" என்றாள்.

நான் விளக்குப் பொருத்தினேன்.

நாற்பதை எட்டிப் பார்க்கும் நம் வயதுக்காரர்களுக்கு இந்த மேசை நினைவிருக்கும். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று இருந்த காலம். அதற்குத் தனி உறை, தனி ஸ்டெபிலைசர், குழந்தைகள் தொடக்கூடாது என்ற தனிச் சட்டம். எங்கள் வீட்டு உறை அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தது. மவுஸின் அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்பது என் வேலை. இப்போது பிள்ளைகளிடம் மவுஸுக்குள் உருண்டை இருந்தது என்று சொன்னால் நம்புவதில்லை.

தோவாளைக்குப் பக்கத்தில் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணன் தன் கல்யாணத்துக்கு வந்தபோது டிஜிட்டல் கேமராவோடு வந்தான். கம்ப்யூட்டரையும் வாங்கி வைத்தான். லீவு முடிந்து புறப்படும் முன் கேமராவிலிருந்த எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்குப் புது மனைவியின் செல்லப் பெயரை வைத்தான். பிறகு கேமராவிலிருந்த படங்களை அழித்துவிட்டு, அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனான்.

"பிரிண்ட் போட்டு வைக்கப்பிடாதா மக்கா?" என்று அப்பா கேட்டார்.

"பிரிண்ட் மங்கிப் போவும்ப்பா. இதுக்குள்ள கெடந்தா ஒரு காலமும் அழியாது" என்றான் அண்ணன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

அந்த ஃபோல்டரில் அப்பாவின் படம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு மாலை வாங்கத் தோவாளைச் சந்தைக்குப் போன விடியலில் அண்ணன் எடுத்தது. பூக்கூடைகளுக்கு நடுவே அப்பா நிற்கிறார். யாரோ எறிந்த பிச்சிச்சரம் அவர் தோளில் தொங்குகிறது. அது அவருக்குத் தெரியவில்லை. வாய் திறந்து சிரிக்கிறார். மேல் வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது. அப்பா கேமராவைப் பார்த்தால் விறைத்துக்கொள்கிறவர். அவர் சிரிக்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. முதலாண்டுத் திதிக்கு அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் தீர்மானம்.

மைனி கருங்கல் என்ற ஊர்க்காரி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். பேச்சில் கொஞ்சம் மலையாள இழுவை இருக்கும். அம்மா அதையே முதலில் சந்தேகப்பட்டாள். "அவ போன்ல அவ அம்மைக்கிட்ட பேசுகதுல பாதி எனக்கு வெளங்க மாட்டேங்கு. வெளங்கப்பிடாதுன்னுதான் அப்பிடிப் பேசுகா" என்பாள். மைனி கம்ப்யூட்டர் படித்தவள். அவள் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டால் அம்மா அடுக்களையில் அரைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். "யாருக்கு இவ்வளவு எழுதுகா? போய்ப் பாத்துட்டு வாட்டி" என்று என்னை அனுப்புவாள்.

நான் போவேன். யாராவது வரும் அரவம் கேட்டால் மைனி திரையில் இருப்பதைச் சட்டென்று கீழே இறக்கிவிடுவாள். அம்மாவின் சந்தேகம் அதனால் இன்னும் பெருகியது. மைனி எதை மறைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சீட்டு விளையாடிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் தானே கலைத்துப் போடும், ஒரே ஆள் விளையாடும் சீட்டு. துக்கம் நடந்து ஆண்டு திரும்பாத வீட்டில் மருமகள் சீட்டு விளையாடுகிறாள் என்று வந்தால் என்ன ஆகும்?

"அம்மைக்கிட்ட சொல்லிராத மக்கா" என்றாள்.

நான் சொல்லவில்லை. மறைக்கிறாள் என்பது மட்டும் அம்மாவிடம் தங்கியது.

ஆனாலும் அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை சொல்லித் தந்தவள் மைனிதான். ஒருநாள் சாயங்காலம் திரையில் கூடை நிறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்.

"அது என்ன, கூடைல தாளு கெடக்கு?"

"குப்பக்கூடை அத்த. வேண்டாம்னு நாம அழிக்கது எல்லாம் இதுல வந்து விழும். கொட்டினாத்தான் ஒரேயடியாப் போவும்."

"அப்பம் கொட்ட வேண்டியதுதானே? அந்தி நேரத்துல குப்பைய வச்சிக்கிட்டா விளக்கு பொருத்துகது?"

"இது நெசக் குப்பை இல்ல அத்த."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தாலும் குப்ப குப்பதானே பிள்ளே."

மைனி சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மைனி அம்மாவின் விரலைப் பிடித்து மவுஸில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து வீடு பெருக்கியதும் அந்தக் கூடையையும் கொட்டிவிட்டுத்தான் அம்மா வாரியலை மூலையில் சாத்துவாள். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக் கூடாது, லட்சுமி போய்விடும் என்ற கணக்கு கம்ப்யூட்டருக்கும் சேர்ந்துகொண்டது.

பிறகுதான் அம்பு வந்தது.

எல்லாப் படமும் தன் பெயரில் கிடப்பது மைனிக்கே கூச்சமாக இருந்தது. யார் படத்தைப் பார்ப்பதானாலும் அவள் பெயரைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். அவள் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அந்த ஃபோல்டருக்குள்ளேயே அப்பா, அம்மா, அக்கா, நான் என்று ஆளுக்கொன்றாகப் படங்களைப் பிரித்து அடுக்கினாள். பிறகு ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஷார்ட்கட் செய்து திரையில் வெளியே வைத்தாள்.

"இது வாசல் மாதிரி மக்கா. வீடு உள்ள இருக்கு. தட்டுனா நேரா அவங்கவங்க ரூமுக்குப் போயிரலாம்" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஷார்ட்கட் என்றால் அதன் கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும். நாமெல்லாம் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம். பெயர்களை நான் வாசித்துக் காட்டும்போது அம்மா கவனித்தாள்.

"எல்லார் மேலயும் அம்பு குத்தியிருக்கே, அது என்னட்டி?"

எங்கள் பெயர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் அம்பு. இறந்துபோன அப்பாவின் பெயரிலும் அம்பு. மைனியின் பெயர் இருந்த ஃபோல்டரில் மட்டும் அம்பு இல்லை.

அக்கா வடசேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு வந்தபோது அம்மா அவளைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டினாள்.

"பாத்தியா? நம்ம எல்லாருக்கும் இருக்கு. அவளுக்கு மட்டும் இல்ல."

அக்கா படித்தவள்தான். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் மேலயுமா போட்டிருக்கா?" என்றாள்.

அத்தான் வடசேரியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போனவர். சான்றிதழைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் அவர் வாய்தான் கடைசி வாய். அவர் நாற்காலியில் அமர்ந்து, மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டார். அத்தானுக்கு இடது கைப்பழக்கம். சாப்பாட்டுக்கு மட்டும் வலது கை. மற்ற எல்லாவற்றுக்கும் இடது கை.

அப்பா பெயரைத் தட்டினார், படங்கள் வந்தன. மைனி பெயரைத் தட்டினார்; அங்கேயும் அதே படங்கள். முதுகைச் சாய்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாக் கெடக்கு. நம்ம பேர்ல ஒரு காப்பி, அவங்க பேர்ல ஒரு காப்பி. மிசின் சும்மாவா இழுத்துக்கிட்டுக் கெடக்கு?"

"அப்பம் அந்த அம்பு?" என்றாள் அம்மா.

"அது பூட்டு மாதிரி அத்த. ஒரிஜினலுக்குத்தான் பூட்டு. அம்பு இல்லாதது நகலு. சவத்தத் தூக்கிப் போட்டா மிசின் பறக்கும்."

மைனி அடுக்களையில் அவருக்குத்தான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பம் வேண்டாம். அவ இல்லாத நேரமாப் பாத்து வாங்க மருமோனே."

இதை நான் என் காதால் கேட்டேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு, கேட்டதையும் பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக வைக்கப் பழகியிருக்கிறேன். இது கேட்டது. அத்தான் பிறகு வந்ததை நான் பார்க்கவில்லை. மவுஸ் இடப்பக்கம் இருந்ததைப் பார்த்தேன்.

மவுஸ் இடம் மாறிய அந்த நாள் காலையில் மைனி கருங்கலுக்குப் போயிருந்தாள். அப்பா படத்தைச் சட்டம் போடுகிற கடைக்கு எடுத்துப் போக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் சிடி போட்டுப் பார்க்கலாம். படங்களைச் சிடியில் ஏற்ற முடியாது. அவளுடைய தம்பியிடம் பென் டிரைவ் என்ற புதுப்பொருள் இருந்தது. அதை வாங்கி வரத்தான் போனாள். நான் விளக்குப் பொருத்திக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். கையில் ஒரு பையில் மரச்சீனிக் கிழங்கு. பென் டிரைவைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். பஸ்ஸில் விழுந்துவிடக் கூடாது என்ற பயம்.

கை கால் கழுவிவிட்டு நேராக மேசைக்கு வந்தாள். மவுஸை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். வைத்தபிறகு, கை மவுஸ் மேலேயே இருக்க, ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிழங்கைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மைனி அப்பா பெயரைத் தட்டினாள். படம் வரவில்லை. ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதற்குள் ஒரு டார்ச் லைட் இப்படியும் அப்படியும் ஆடி எதையோ தேடியது. கம்ப்யூட்டர் உள்ளே கரகரவென்று சத்தம் போட்டது. டார்ச் அணைந்தது. தேடியது கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அம்மா பெயர், அக்கா பெயர், என் பெயர், எல்லாவற்றிலும் அதே டார்ச், அதே வரி. தன் பெயரைத் தேடினாள். அது அங்கே இல்லை. குப்பைக் கூடையைத் திறந்தாள். காலி.

"அத்த" என்றாள். "மாமா படத்தக் காணல்ல."

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு கிழங்கைக் கீழே போட்டுவிட்டு வந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள். வாசல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அப்பாவின் பெயரும் அம்பும் இருந்தன.

"பேரு இருக்கே. படம் எங்க போவும்?"

"உள்ள இருந்தது போயிற்று அத்த. யாராவது வந்தாவளா?"

"யாரு வருவா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உரக்க நடந்தது. அம்மா வடசேரிக்குப் போன் போட்டாள். அத்தான் அக்காவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். மஸ்கட்டுக்குப் போன் போய், ஸ்பீக்கரில் அண்ணன், "பேக்கப் எடுக்கல்லியா? பேக்கப் எடுக்கல்லியா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அத்தான் மேசைப் பக்கம் போகவில்லை. வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வைரஸா இருக்கும்" என்றார்.

"வைரஸ் ஒரே ஒரு ஃபோல்டர மட்டும் எடுக்காது" என்றாள் மைனி.

"அப்பம் படிச்சவங்கதான் சொல்லணும்."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சது இந்த வீட்டுல யாரு? நீ ஒருத்திதானே? நாங்க பக்கத்துல வரும்போது மூடி மூடி வைப்பியே, அது என்னது? எம்மேல அம்பு, செத்துப்போன மனுசன் மேல அம்பு. உம்பேரு மட்டும் நல்லா இருக்கணும். இப்பம் எங்க கொண்டு ஒளிச்சி வச்சிருக்க?"

"ஒளிக்கல்ல அத்த. அது எம்பேரு உள்ள ஃபோல்டர். அது போனா எல்லாம் போச்சி. அது ஒண்ணுதான் நெசம். நம்ம எல்லாரும் அதுக்குள்ளதான் இருந்தோம்."

இதை அவள் கம்ப்யூட்டர் விளக்கமாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அது வேறு விதமாகக் கேட்டது.

"கேட்டியா?" என்றாள் அம்மா அக்காவிடம். "நம்ம எல்லாரும் அவளுக்குள்ளதான் இருந்தோமாம்."

நான் சொன்னேன். "மவுஸு எடப்பக்கம் இருந்து."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா முதலில் என்னையும், பிறகு அத்தானையும் பார்த்தாள். வயிற்றின் மேலிருந்த அவள் கை அசையவில்லை.

"தூசி தொடச்சேன். அப்பம் நான்தான் மாத்தி வச்சேன்" என்றாள் அம்மா.

அந்த மேசையை அம்மா ஒரு நாளும் துடைத்ததில்லை. ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயம். துடைப்பவள் மைனி.

"குப்பக்கூடையும் நெறஞ்சிருந்து. நீ கொட்டினியே" என்றேன்.

"தெனமும்தான் கொட்டுகா. அதுக்கு என்ன இப்பம்? பெரியவங்க பேசும்போ நடுவுல வராத" என்றாள் அக்கா. வேகமாகச் சொன்னாள்.

மைனி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் தொடங்கி வயிறுவரை பார்த்தாள். கழுத்திலிருந்த பென் டிரைவைக் கயிற்றிலிருந்து உருவி எடுத்து, முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"விடு மக்கா" என்றாள் என்னிடம்.

அக்கா சாயா போட்டுக்கொண்டு வந்தாள். அத்தான் டம்ளரை வலது கையால் வாங்கினார்.

மறுநாள் காலை மைனி கருங்கலுக்குப் போனாள். ஆண்டுத் திதிக்கு வந்து, விருந்தாளிகள் உட்கார்ந்த வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு அண்ணன் அவளை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டான். மாமனார் படத்தை அழித்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே எல்லா விசேஷ வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை வருடத்தில் அவர்கள் எத்தனையோ முறை ஊருக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கியதில்லை.

சுவரில் அப்பா இருக்கிறார். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது. வாயை இறுக மூடிக்கொண்டு, யாரையோ சந்தேகப்படுவதுபோல் பார்க்கிறார். பக்கத்துவீட்டுக் குழந்தைகள் அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுவதுண்டு. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

இரு தரப்பையும் கேட்காமல் எழுதாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பல வருடம் கழித்துக் கேட்டேன். அத்தான் கடையில் கூட்டமில்லாத நேரம். பில்லை இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அண்ணைக்கு மைனி கருங்கலுக்குப் போயிருந்தப்ப நீங்க நம்ம வீட்டுக்கு வந்தியளா?"

"எந்த அண்ணைக்கு?" என்றார்.

சொன்னேன்.

"அந்தக் கம்ப்யூட்டர் இன்னுமா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, உள்ளே யாரையோ பார்த்து ஒயர் அளக்கச் சொன்னார்.

மைனியிடம் போனில் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மவுஸப் பாத்ததுமே எனக்குத் தெரியும். கை வச்சதுமே தெரியும்."

"பெறவு ஏன் மைனி சொல்லல்ல?"

"உங்க அக்கா அப்பம் முழுகாம இருந்தா, மக்கா" என்றாள். பிறகு என் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்தாள்.

அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்பதற்குப் பலமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அடுப்புல பால் கெடக்கு" என்று எழுந்துவிடுவாள். இன்றைக்கும் அந்திக்கு முன் வீட்டைத் தானே பெருக்குகிறாள். முதுகு வளைய மறுக்கிறது. ஆனாலும் வாரியலை யாரிடமும் தருவதில்லை.

பிற்பாடு அந்தக் கம்ப்யூட்டரை நானும் அக்கா பிள்ளைகளும் மாறி மாறிப் பயன்படுத்தினோம். படிப்பு முடிந்து நான் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு அது உறைக்குள் கிடந்தது. போன வருடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை இணைத்துப் பார்த்தேன். வெகுநேரம் முனகிவிட்டு ஓடியது. பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்தன. அப்பா, அம்மா, அக்கா, நான்: வரிசையாக, அம்போடு நின்றோம். அப்பா பெயரைத் தட்டினேன். டார்ச் வந்து ஆடியது.

அம்மா வாரியலோடு வந்து பின்னால் நின்றாள். அந்தி நேரம். விளக்கு இன்னும் பொருத்தவில்லை. திரையைப் பார்த்துவிட்டு வாசலைப் பெருக்கப் போனாள்.

திரையின் மூலையில் குப்பைக் கூடை தாள் துருத்தி நிறைந்து கிடந்தது. திறந்து பார்த்தேன். அதில் கிடந்தவற்றில் பழையது, மைனி வீட்டைவிட்டுப் போன மறுநாள் நான் அழித்த ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை.